பொட்டு வைக்காத மீட்டர்

ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விடிகாலை மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. கேபினுக்குள் இருந்த டிஸ்பிளேயோ, இன்ஜின் கொதிக்கிறது, உடனே அணைத்துவிடு என்று சிவப்பு விளக்கை மினுக்கிக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இந்தப் பாடுதான் படுத்துது" என்றான் மாரிச்சாமி. அவன் குரலில் கோபம்கூட இல்லை. அழுது முடித்தவனின் குரல் அது.

நாகலாபுரத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மானாவாரிக் கிராமம். அந்த ஊர்க் கண்மாய்க்குள் நின்றுகொண்டிருந்தோம். எந்த வருஷம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி நமுத்துப் போகாத நாட்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மிச்சப் பொரியை ஒரு பையில் கட்டி என் வீட்டுக்காரி ராஜேஸ்வரி சாமான் பெட்டிக்குள் திணித்திருந்தாள்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. மண் அள்ளுகிற, ரோடு போடுகிற, கல் உடைக்கிற பெரிய வண்டிகளுக்குக் கரண்டு வேலை மட்டும் பார்ப்பேன். இன்ஜினைப் பிரிக்க மாட்டேன். இன்ஜினுக்கு உடம்பு முழுக்கச் சென்சார் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சூடு எவ்வளவு, ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று அவை கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றில் எது பொய் சொல்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு.

பிளந்து கிடந்த கரை

மாரிச்சாமியின் வண்டி ஒரு பொக்லைன். எந்தக் கம்பெனி செய்தாலும் எங்கள் பக்கம் அதற்குப் பொக்லைன்தான் பேர். செயினில் ஊர்ந்து போய், நீளக் கையால் மண்ணை வாரிப் போடும்.

ஆடு மேய்க்கிற குடும்பம் அவனுடையது. அப்பா இன்னும் ஊர் ஊராகக் கிடை போடுகிறார். இவன் மட்டும் அடுத்தவன் வண்டியில் ஏறி, ஓட்டப் படித்து, வருஷக்கணக்கில் பட்டினி கிடக்காத குறையாகச் சேர்த்து, பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டான். ஊரில் சிலருக்கு அது பெருமை, சிலருக்கு வயிற்றெரிச்சல்.

அந்த ஊர்க் கண்மாயின் மடை இடிந்துபோய் ரொம்ப நாளாகக் கிடந்தது. அந்த வருஷம்தான் கரையை வெட்டித் திறந்து, பழைய மடையைப் பெயர்த்துவிட்டுப் புது மடை கட்டினார்கள். சிமெண்ட் வேலை முடிந்துவிட்டது. வெட்டின இடத்தை மண் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. அந்த வேலையை வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கலாம் என்று பாதிப் பேர் சொன்னார்களாம். நம்ம ஊர்ப் பையன் வண்டி வைத்திருக்கும்போது எதற்கு வெளியூர்க்காரன் என்று மீதிப் பேர் சண்டை போட்டு மாரிச்சாமிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

அவன் பாதி மூடினான். அதோடு வண்டி நின்றுவிட்டது.

நான் போன அன்று கரையில் இரண்டு மாட்டுவண்டி ஒன்றாகப் போகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கிழக்கே கடல் பக்கம் வானம் மை பூசியது போல இருந்தது. மழை இறங்கினால் ஓடைத் தண்ணீர் முதலில் கண்மாய்க்குத்தான் வரும். கரை திறந்திருந்தால் வந்த வேகத்தில் வெளியேறி, நேராகக் கீழத்தெருவுக்குள் புகுந்து, அதற்கப்பால் உள்ள மிளகாய்க்கும் பருத்திக்கும் மேலே ஏறிவிடும். ஊருக்கு அந்த ஒரு நிறை தண்ணீர்தான் வருஷம் முழுக்க. மனுஷனுக்கும் அதுதான், ஆட்டுக்கும் அதுதான்.

வேறு வண்டி பிடிக்கலாம்தான். அவனும் தேடி அலையாமல் இல்லை. விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் இருந்த வண்டி எல்லாம் காற்றாடி வேலைக்கும் சோலார் வேலைக்கும் போயிருந்தன. கடம்பூர்ப் பக்கம் ஒருத்தன் நாலு நாள் கழித்து வருகிறேன் என்றிருக்கிறான். மேகம் நாலு நாள் பொறுக்கிற மேகமாகத் தெரியவில்லை.

கரை மேல் ஊரே நின்றது. பொம்பளைகள் சாக்கில் மண் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மூட்டைகளை வைத்துக் கண்மாய்த் தண்ணீரை மறிக்க முடியாது என்று கட்டுகிறவர்களுக்கே தெரியும். சும்மா நிற்க மனசு வராமல் கட்டினார்கள்.

"அண்ணாச்சி, இது மட்டும் அடைபடலேன்னா நான் இந்த ஊருல குடியிருக்க முடியாது. எவன் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது" என்றான் மாரிச்சாமி.

இந்த மாதிரிச் சொற்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வண்டிக்காரர்கள் எல்லோருமே செத்தேன் கெட்டேன் என்றுதான் போன் செய்வார்கள். ஆனால் அன்றைக்குக் கரை மேல் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தபோது, அவன் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

எலியும் கரிசலும்

எங்கள் பூமியில் வண்டியின் வயரிங்குக்கு இரண்டு எதிரி. ஒன்று எலி. பருத்திக்காட்டு ஓரம் வண்டியை ஒரு வாரம் நிறுத்தினால் போதும், கேபினுக்கு அடியில் குடும்பம் நடத்திவிடும். ஒரு தடவை ஒரு ரோலரில் வயரைக் கொறித்து, அந்தத் துணுக்குகளையே மெத்தையாகப் போட்டுக் குட்டி போட்டிருந்தது. குட்டிகளை எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வேலை பார்த்தேன். வண்டி முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார்.

இன்னொன்று கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். என்னுடைய ஸ்பேனர் எத்தனை அந்த வெடிப்புகளுக்குள் போயிருக்கின்றன என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். காய்ந்தால் மாவாகப் பறந்து ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் புகுந்துவிடும். நனைந்தால் பசையாகி உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வயரையும் வயரையும் கோத்து வைக்கிற பிளாஸ்டிக் சாக்கெட்டைத்தான் கப்ளர் என்கிறோம்.

ஆகவே நான் வழக்கம்போல அந்த இரண்டையும்தான் முதலில் தேடினேன். வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவாகிற கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் சொருகினேன். சூடு சொல்லுகிற சென்சாரில் கோளாறு, ஆயில் அழுத்தம் சொல்லுகிற சென்சாரில் கோளாறு, டர்போ பக்கத்துச் சென்சாரில் கோளாறு என்று வரிசையாகக் காட்டியது. மாரிச்சாமி ஏற்கெனவே யாரோ சொன்னதைக் கேட்டு மதுரையிலிருந்து இரண்டு சென்சார் வரவழைத்து மாற்றியிருந்தான். மாற்றியும் அதே பாட்டு.

கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மருந்தடித்து, துடைத்து, திரும்ப மாட்டினேன். வயரை விரலால் தடவிக்கொண்டே இன்ஜினைச் சுற்றி வந்தேன். எலி கடித்த தடம் இல்லை. சாவியைப் போட்டு, சென்சாருக்குப் போகிற கரண்டை அளந்தேன். அளவு சரி. எர்த்தையும் அளந்தேன். அதுவும் சரி. இன்ஜினை ஓட விட்டேன். பத்து நிமிஷம் பச்சைப்பிள்ளை மாதிரி ஓடியது. சிவப்பு விளக்கைக் காணோம்.

கரை மேல் ஒரே சந்தோஷம். யாரோ கைதட்டினார்கள். மாரிச்சாமி ஏறி உட்கார்ந்து மண்ணை அள்ளினான். இரண்டு வாரு வாரினான். மூன்றாவதற்குக் கையை நீட்டும்போதே சிவப்பு விளக்கு எரிந்து, சத்தம் இறங்கி, இன்ஜின் விக்கி, நின்றுவிட்டது.

கைதட்டினவர்கள் மறுபடி சாக்கை எடுத்தார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

என் மீட்டரைப் பற்றி

இந்த இடத்தில் கரண்டு அளக்கிற என் மீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கடையில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எனக்கும் ராஜேஸ்வரிக்கும் சண்டை வரும். ஸ்பேனர், சுத்தியல், சால்டரிங் அயர்ன், பழைய பேட்டரி, கடை ஷட்டர் என்று எல்லாவற்றுக்கும் அவள் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வருவாள். மீட்டர் கிட்டே வந்ததும் நான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கினால் அது தப்புக் கணக்குக் காட்டும் என்பது என் கட்சி. சோறு போடுகிற சாமானை மொட்டையாக வைத்தால் வீடு விளங்காது என்பது அவள் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வழக்கு, தீர்ப்பு வந்தபாடில்லை.

மற்றபடி பூஜை விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மாசம் எங்கள் பக்கம் வண்டி எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கழுவி, பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, கண்ட இடத்தில் எல்லாம் பொட்டு வைத்து, செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் பூசணிக்காய் உடைத்துத்தான் எடுப்பார்கள். பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்கே படாமல் போய்விட்டது. மாரிச்சாமியின் வண்டியும் அன்றைக்குப் புது மஞ்சளில் பளபளவென்று நின்றது. நான் அதைக் காலையிலிருந்து தொட்டுத் தொட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டேனே தவிரப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் செய்யல"

கண்மாய்க்குள் ஒரு சீமைக்கருவேல மரம். அதன் அடியில் போய் உட்கார்ந்தேன். மாரிச்சாமியின் மனைவி முத்துலட்சுமி தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள்.

மாரிச்சாமியிடம் கடைசியாக வண்டி எப்போது ஒழுங்காக ஓடியது என்று கேட்டேன். பூஜைக்கு முன்னால் என்றான். அதற்கப்புறம் வண்டியில் என்ன செய்தாய், எதையாவது தொட்டாயா, யாரையாவது கூட்டி வேலை பார்த்தாயா என்று கேட்டேன். காலையிலிருந்து நாலைந்து தடவை கேட்ட கேள்விதான். ஒவ்வொரு தடவையும் கற்பூரம் அடிக்காத குறையாக ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. ஒரு போல்ட்டத் திருகல."

கரை மேலிருந்து சுப்பையாக் கிழவர் குரல் கொடுத்தார். அவர் சாக்கில் கை வைக்கவில்லை. வேப்பங்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு, அடுத்தவர்களுக்கு வேலை சொல்வதுதான் அவர் வேலை. புதுப் பெயிண்ட் அடித்துச் சிங்காரித்து ஊருக்கு நடுவே நிறுத்தினால் கண் படாமல் என்ன செய்யும், இதற்கு மீட்டர் பிடித்து என்ன பிரயோசனம் என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரிய மனுஷர் என்பதால் டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரிச்சாமி அந்தப் பக்கம் நகர்ந்ததும் முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"பூஜைக்குப் பூசணிக்கா கிடைக்கல அண்ணாச்சி. இவிய எலுமிச்சம்பழமே போதும்னாவ. நானும் சரின்னுட்டேன். அதுனாலதான் இப்படி நிக்குதோன்னு எனக்கு உறக்கமே இல்ல."

பூசணிக்காய்க்கும் சென்சாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பேசாமல் போம்மா என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. வண்டி நின்ற நாளிலிருந்து அந்தப் பொம்பளை ஊரே அழியப்போவது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு டீ போட்டு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் டீயை ஓரமாக வைத்துவிட்டேன்.

பொரிப் பையைப் பிரித்துக் கொறிக்க ஆரம்பித்தேன். எனக்கு வாய் அசைந்தால்தான் மூளை அசையும். இதை வைத்து ராஜேஸ்வரி என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

மூன்று சென்சார். மூன்றும் இன்ஜினின் வெவ்வேறு மூலையில் இருப்பவை. வேறு வேறு வயர். ஒரே நாளில் மூன்றும் சேர்ந்து கெட்டுப்போக அவை என்ன ஒரே பந்தியிலா சாப்பிட்டன? புதுசு மாற்றியும் அதே பொய். அப்படியானால் மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு. கரண்டு வருகிற பாதை சரியாக இருந்தது. மிச்சம் இருப்பது அது திரும்பிப் போகிற பாதை, அதாவது எர்த்.

பலசரக்குக் கடைத் தராசில் தட்டு காலியாக இருக்கும்போதே முள் சாய்ந்து நின்றால், வெங்காயம் போட்டாலும் பொய், புளி போட்டாலும் பொய். சென்சாருக்கு எர்த்துதான் அந்த முள் நிற்கிற இடம்.

ஆனால் எர்த்தை நான்தான் அளந்துவிட்டேனே என்று நினைத்த உடனே அடுத்தது உறைத்தது. நான் அளந்தது வண்டி சும்மா நிற்கும்போது. சும்மா நிற்கும்போது வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடியது. வேலை செய்யும்போதுதான் விழுந்தது. பொரிப் பையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

பட்டப்பகலில் எல்லா லைட்டும்

மாரிச்சாமியை ஏற்றி உட்கார வைத்து, இன்ஜினைப் போடச் சொன்னேன். பிறகு வண்டியில் இருக்கிற எல்லா லைட்டையும் போடு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். உச்சி வெயில் இல்லாவிட்டாலும் பகல் பகல்தானே. போடச் சொன்னால் போடு என்றேன். போட்டான். ஏசியைப் போடு. போட்டான். வைப்பரைப் போடு, ஹாரனை அழுத்திக்கொண்டே இரு என்றேன்.

ஹாரன் சத்தத்தில் ஆடுகள் எல்லாம் கலைந்து ஓட, கரை மேல் ஒரே சிரிப்பு. அண்ணாச்சிக்கும் கண் பட்டுவிட்டது என்று சுப்பையாக் கிழவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன். இன்னொரு முனையை இன்ஜின் இரும்பில் வைத்தேன். இரண்டும் ஒரே எர்த் என்றால் மீட்டர் ஒன்றும் காட்டக்கூடாது. காலையில் அப்படித்தான் காட்டியிருந்தது. இப்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறி நின்றது. லைட்டை அணைக்கச் சொன்னேன், இறங்கியது. போடச் சொன்னேன், ஏறியது.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் எனக்கு அந்த மீட்டரை முத்தமிடலாம் போல இருந்தது.

அப்புறம் பெரிய வேலை இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்புகிற தடித்த கறுப்பு கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சேஸிஸ் இரும்பில் ஒரு பெரிய போல்ட்டில் போய் முடிகிறது. மொத்த வண்டியின் எர்த்தும் அந்த ஒரு போல்ட்டில்தான். கேபிளின் நுனியில் ஒரு முனை, பக்கத்து இரும்பில் ஒரு முனை வைத்தேன். காணாமல் போன வோல்ட் மொத்தமும் அங்கே இருந்தது.

அந்த போல்ட்டை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். போல்ட் மஞ்சள். கேபிள் நுனி மஞ்சள். அடியில் வாஷர் மஞ்சள். சுற்றி இரும்பு மஞ்சள். இரண்டு கோட்டிங் கனமாக, ஒரு திட்டு இல்லாமல், அவ்வளவு அழகாக அடித்திருந்தது. போல்ட்டின் நட்டநடு மண்டையில் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு.

"ஏலே மாரி, இறங்கி வா" என்றேன்.

வந்தான். முத்துலட்சுமியும் வந்தாள். இதைக் கழற்றினாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். துரு ஏறி அசிங்கமாக இருந்ததாம். கழற்றி, சுரண்டி, அடியிலும் மேலேயும் பெயிண்ட் அடித்து, காய வைத்து, திரும்ப இறுக்கினார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு பகல் முழுக்கச் செய்திருக்கிறார்கள். இவன் சுரண்டச் சுரண்ட இவள் பிரஷ் பிடித்திருக்கிறாள்.

"காலையிலேருந்து தொண்ட கிழியக் கேக்குதேன். ஒரு போல்ட்டத் திருகலன்னு சொன்னியேலே?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். அந்த முகத்தில் கள்ளம் துளி இல்லை.

"அது ரிப்பேர் இல்லையே அண்ணாச்சி. பூஜைல்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அவன் சொன்னதில் என்ன தப்பு? வண்டியைக் கழுவினான், அலங்கரித்தான், கும்பிட்டான். அதைப் போய் யாராவது வண்டியைத் தொட்டேன் என்று சொல்வார்களா? வருஷா வருஷம் பூஜை போடுகிற நானே அதைக் கேட்கவில்லையே.

பன்னருவாள்

பெயிண்ட் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பாய் விரித்தது போல உட்கார்ந்துகொண்டு கரண்டை விடவில்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது அது போதும். கையை நீட்டி மண் வாரும்போது வண்டி நிறையக் கரண்டு கேட்கும். அப்போது எர்த் தடுமாறும், சென்சார்கள் உளறும், கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினை அணைத்துவிடும். இதைச் சுருக்கமாக அவர்களிடம் சொன்னேன்.

உப்புத்தாள் இருந்தது, ஆனால் அந்தக் கனத்துக்கு அது எந்த மூலைக்கு? முத்துலட்சுமி இடுப்பிலிருந்த பன்னருவாளை உருவி நீட்டினாள். ஆட்டுக்குக் குழை அறுக்கிற அரிவாள். அதன் முதுகால் சுரண்டச் சுரண்ட மஞ்சள் தோல் தோலாக உரிந்து விழுந்தது. உள்ளிருந்து வெள்ளை இரும்பு எட்டிப் பார்த்தது. கேபிள் நுனி, வாஷர், போல்ட் என்று எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே மட்டும் கிரீஸ் பூசினேன்.

நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போது முத்துலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப பூசணிக்கா உடைக்காததுனால இல்லையா அண்ணாச்சி?"

"இல்லம்மா. இந்தப் பெயிண்ட்டுதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் கீழே அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாரிச்சாமி என்ன ஏது என்று புரியாமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரம் விடு என்று அவனுக்குச் சைகை காட்டினேன்.

இன்ஜினைப் போட்டான். எல்லா லைட்டும், ஏசியும், ஹாரனும். மீட்டர் அசையவில்லை. மண்ணை வாரினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வாரியபோதுதான் நான் மூச்சு விட்டேன். இந்தத் தடவை கரை மேல் யாரும் கைதட்டவில்லை. காலையில் கைதட்டி ஏமாந்தது மனசில் இருந்திருக்கும். அவர்கள் கைதட்ட ஆரம்பித்தபோது மிச்சமிருந்த வெட்டும் பாதிக்கு மேல் மூடியிருந்தது.

மழை

எனக்கு வேலை முடிந்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். கிளம்ப மனசு வரவில்லை. அந்த வாய் மூடுகிறதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்று தெரிந்தது.

மாரிச்சாமி இறங்கவே இல்லை. தண்ணீர்கூடக் கேபினுக்குத்தான் போயிற்று. மண்ணைக் கொட்டுவான், பக்கெட்டின் முதுகால் தட்டி அமுக்குவான், செயினை மேலே ஏற்றி மிதிப்பான், மறுபடி கொட்டுவான். கட்டி வைத்த மண் மூட்டைகளை ஊர்க்காரர்கள் உள்பக்கச் சரிவில் அடுக்கினார்கள். முத்துலட்சுமிதான் எங்கே வைக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். காலையில் சுண்டிப் போயிருந்த முகமா இது என்று இருந்தது.

கரை மட்டம் வந்து சேரவும், கிழக்கிலிருந்து முதல் காற்று வரவும் சரியாக இருந்தது. மண் வாசனை வந்தது. அப்புறம் கொட்டியது பாருங்கள், கண்ணுக்கு முன்னால் நின்ற ஆள் தெரியவில்லை. மாரிச்சாமி வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டுக் குதித்து ஓடி வந்தான். கண்மாய்க்குள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கரிசல் அதை வயிறு வரைக்கும் விழுங்கியிருக்கும்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒண்டினோம். ஈர ஆட்டு வாசனையும் பீடி வாசனையும் கலந்து அடித்தது. எல்லோரும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடை கலங்கலாகச் சத்தம் போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியது. மண்டியது. ஏறியது. புது மண் மேல் வந்து முட்டியது. முட்டிவிட்டு அங்கேயே நின்றது.

"நின்னுட்டு" என்றார் ஒருத்தர்.

அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம்தான் ஊர் பேச ஆரம்பித்தது. சுப்பையாக் கிழவர் என் பக்கம் திரும்பி, பெயிண்ட்தான் காரணம் என்று நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்றார். யோசித்துப் பார்த்தால் சொன்னார்தான். மறுக்க முடியவில்லை. நான் ஒரு கும்பிடு போட்டேன்.

திரும்பி வரும்போது என் பைக் அந்த வண்டிப்பாதையில் நாலு அடிக்கு ஒரு தடவை நின்றது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிசல் அப்பிக்கொண்டு உருள விடவில்லை. குச்சியால் தோண்டி விடுவேன், கொஞ்சம் உருளும், மறுபடி நிற்கும். வேறு நாளாக இருந்தால் அந்த மண்ணின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பேன். அன்றைக்கு நனைந்துகொண்டே தள்ளினேன். மனசு லேசாக இருந்தது. தார் ரோடு ஏறினதும் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் இருந்தது.

மொட்டையும் பொட்டும்

மறு வருஷம் பூஜைக்குச் சில நாள் முன்னால் முத்துலட்சுமி போன் செய்தாள். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். எங்கெங்கே அடிக்கக்கூடாது என்று நானே வந்து காட்டிவிட்டுப் போக வேண்டுமாம். போனில் சொன்னால் போதாதா என்றேன். போதாது என்று வைத்துவிட்டாள்.

பூஜையன்று காலையில் போனேன். கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடந்தது, போன மழையின் மிச்சம். மாரிச்சாமி அப்பாவின் ஆடுகள் இறங்கிக் குடித்துக்கொண்டிருந்தன. புது மடைக்குப் பக்கத்தில் கரை எது பழசு எது புதுசு என்று தெரியாமல் புல் மூடியிருந்தது.

அவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை, பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றாமலே சுற்றித் துணி கட்டி அடித்திருக்கிறார்கள். வண்டி முழுக்க மஞ்சள், அது மட்டும் மொட்டை இரும்பு. ஒரு சாண் தள்ளிச் சந்தனமும் குங்குமமும். முன்னால் இரண்டு பூசணிக்காய் வைத்திருந்தார்கள். ஒன்று போன வருஷத்துக்காம்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது முத்துலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வழியை மறித்தாள்.

"அந்த மீட்டர எடுங்க அண்ணாச்சி. அதுக்கு வைக்காம நாங்க யாருக்கு வைக்கப் போறோம்?"

ஈரம் இறங்கும், தப்பாகக் காட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றாள். நான் மீட்டரை எடுத்து, முகத்தைத் திருப்பி, முதுகை நீட்டினேன். கொஞ்சமாக வை என்றேன். கொஞ்சமாகத்தான் வைத்தாள்.

சாயங்காலம் கடையில் எங்கள் பூஜை. ராஜேஸ்வரி வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். நான் வழக்கம்போல மீட்டரை மடியில் வைக்கப் போனேன். அவள் வெடுக்கென்று பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் காய்ந்து ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது எவ வச்சது?" என்று கேட்டாள்.

உட்கார், சொல்கிறேன் என்றேன். கண்மாய், கரை, பூசணிக்காய், ஹாரனுக்கு ஓடின ஆடு என்று நான் சொல்லச் சொல்ல அவள் மீட்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கற்பூரம் அணைந்து, பொரியில் ஈசல் விழுந்து கிடந்தது. சொல்லி முடித்ததும் மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, முத்துலட்சுமி வைத்த பொட்டின் மேலேயே ஒரு பொட்டு வைத்து, மீட்டரை என் கையில் கொடுத்தாள்.

"நானும் முதுகுலதான் வச்சிருக்கேன்" என்றாள்.